இணையதள ஆடிட் டேட்டாவைப் படிக்கும் ஏஐ ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் லாட்ஜ், தோல் பொருள் ஏற்றுமதி, கல்லூரி, ஸ்வீட் கடை என்று பலருக்கும் சைட் செய்து பராமரிக்கும் சிறிய டீம்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஆடிட் ரிப்போர்ட்டை (சைட்டின் கோளாறுகளையும் வேகத்தையும் கருவி கொண்டு சோதித்து எடுக்கும் அறிக்கை) வாடிக்கையாளருக்கு விளக்கும் வேலையை ஏஜென்டிடம் (டூல் எனப்படும் நிரல்களைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ மாடல்) விடும்போது வழக்கமாக எழும் கேள்விகள் கீழே. டூல் பெயர்களும் புலப் பெயர்களும் கோடில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

டூல் விளக்கம் என்றால் எது? எங்களிடம் ஏபிஐ டாக்குமென்டேஷன் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஏஜென்டுக்கு ஒரு டூலைக் கொடுக்கும்போது அதன் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன மதிப்பை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல்) ஆகிய மூன்றும் போகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (எம்சிபி, ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கொடுத்தாலும் சரி, மாடலின் ஏபிஐயில் நேரடியாகக் கொடுத்தாலும் சரி, அமைப்பு ஏறக்குறைய இதுதான். எந்த டூலை அழைப்பது, என்ன மதிப்பை அனுப்புவது, வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது எல்லாவற்றையும் மாடல் இதை வைத்தே முடிவு செய்கிறது.

டாக்குமென்டேஷனைப் படிக்கும் டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் கோடைத் திறந்து பார்ப்பார், பக்கத்து சீட்டில் கேட்பார். மாடலுக்கு அந்த வழி கிடையாது. ஒரு புலம் எதைக் குறிக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது ஊகிக்கும். அந்த ஊகத்தைச் சரளமான வாக்கியத்தில் வாடிக்கையாளரிடம் சொல்லியும் விடும்.

ஆடிட் டேட்டாவில் மட்டும் அப்படி என்ன தனிச் சிக்கல்?

காலியாக வரும் பதில்தான் சிக்கல். ஆடிட் டேட்டாவில் ஒரு புலம் காலியாக இருக்க நான்கு காரணமாவது உண்டு: சோதித்தோம், கோளாறு இல்லை; சோதிக்கவே இல்லை; சோதிக்கப் போனோம், முடியவில்லை; இந்தப் பக்கத்துக்கு அந்தச் சோதனை பொருந்தாது. பல ஏபிஐ-களில் நான்குமே ‘நல்’ (மதிப்பே இல்லை) என்றோ வெற்றுப் பட்டியல் என்றோதான் வரும். மாடல் வெற்றுப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளும்: “உங்கள் சைட்டில் எந்தப் பிழையும் இல்லை.”

கூகுளின் ஆடிட் கருவியான லைட்ஹவுஸையே பாருங்கள். ஒரு சோதனையின் ஸ்கோர் ‘நல்’ ஆக இருந்தால் பக்கத்தில் ‘ஸ்கோர்டிஸ்ப்ளேமோட்’ என்ற புலத்தைப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். அது பொருந்தாத சோதனையாக இருக்கலாம், ஆள் கையால் பார்க்க வேண்டியதாக இருக்கலாம், வெறும் தகவலாக இருக்கலாம், ஓடும்போது பிழையாகி நின்றிருக்கலாம். உங்கள் டூல் ஸ்கோரை மட்டும் எடுத்துக் கொடுத்து அந்தப் புலத்தை விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல விளக்கம் எழுதினாலும் மாடலால் பிரித்தறிய முடியாது. விளக்கம் எழுத உட்காருவதற்கு முன் டூலின் பதில் முதலில் சொன்ன அந்த நான்கு காரணங்களையும் பிரித்துச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் முதல் வேலை கோடில்தான்.

சரி, நல்ல விளக்கம் எப்படி இருக்கும்? ஒன்று காட்டுங்கள்.

பெரும்பாலான டீம்கள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

“ஒரு சைட்டின் ஆடிட் பிழைகளைத் தரும்.”

அதே டூலுக்கு வேலைக்கு ஆகும் விளக்கம் (க்ரால் என்பது கருவி சைட்டின் பக்கங்களை லிங்க் வழியாக ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பது):

“ஒரு சைட்டின் கடைசியாக ஓடிய க்ராலில் கண்ட கோளாறுகளை, வகைக்கு ஒரு வரியாகத் தரும். புது க்ரால் எதையும் தொடங்காது. ‘சைட்டில் என்ன பிரச்சினை’, ‘முதலில் எதைச் சரிசெய்வது’ போன்ற கேள்விகளுக்குப் பயன்படுத்து. ஒரே பக்கத்தின் முழு விவரத்துக்கு கெட்_பேஜ்_டீடெயில்ஸ், வேகத்துக்கு கெட்_ஃபீல்ட்_ஸ்பீட் ஆகியவற்றை அழை. ‘அஃபெக்டட்_பேஜஸ்’ கோளாறு உள்ள பக்கங்களின் எண்ணிக்கை. ‘இன்ஸ்டன்சஸ்’ அந்தக் கோளாறு மொத்தம் எத்தனை இடத்தில் தெரிந்தது என்பது. ‘யுனீக்_டார்கெட்ஸ்’ சரிசெய்ய வேண்டிய தனித்தனி முகவரிகள். பட்டியல் காலியாக இருந்தால் ‘க்ரால்_ஸ்டேட்டஸ்’ புலத்தைப் பார்: ‘கம்ப்ளீட்’ என்றால் மட்டுமே, க்ரால் செய்த பக்கங்களில் கோளாறு காணவில்லை என்று சொல்லலாம். ‘பார்ஷியல்’ அல்லது ‘பிளாக்ட்’ என்றால் சோதனை முடியவில்லை என்று சொல். பதிலில் ‘க்ரால்_ஃபினிஷ்ட்_அட்’ தேதியைக் குறிப்பிடு.”

நீளம் முக்கியமில்லை. இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட தவறான பதிலைத் தடுக்கிறது. எதையும் தடுக்காத வாக்கியத்துக்கு இங்கே இடமில்லை. “சக்திவாய்ந்த”, “விரிவான” போன்ற விளம்பரச் சொற்கள் மாடலுக்கு ஒன்றும் சொல்வதில்லை, அடித்துவிடுங்கள்.

ஒரே கோளாறுக்கு மூன்று எண்ணிக்கை எதற்கு?

ஃபுட்டரில் ஒரு லிங்க் உடைந்திருக்கிறது, சைட்டில் 180 பக்கம். க்ராலர் 180 உடைந்த லிங்க் என்று எண்ணும். ஏஜென்ட் அதை அப்படியே சொன்னால் வாடிக்கையாளர் அலறியடித்து ஃபோன் செய்வார். உண்மையில் டெம்ப்ளேட்டில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

இதைவிடக் குழப்பமானது ஹெச்ரெஃப்லாங், அதாவது ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவங்கள் எவை என்று தேடுபொறிக்குச் சொல்லும் டேக். வேலூரில் சிகிச்சைக்கு வருபவர்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் ஏராளம். ஆகவே ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் சைட் ஒன்றில் தமிழ், ஆங்கிலம், வங்காளம், இந்தி என்று நான்கு மொழிப் பக்கம் இருப்பது இயல்பு. நான்கும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும், ஒவ்வொன்றும் தன்னையும் சுட்ட வேண்டும். வங்காளப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் மட்டும் அந்த டேகுகள் விடுபட்டால், மற்ற மூன்று மொழிப் பக்கங்களிலும் “திரும்பச் சுட்டும் லிங்க் இல்லை” என்ற பிழை காட்டும். பழுது இருப்பது வங்காளப் பக்கத்தில். பிழை தெரிவது மற்ற பக்கங்களில். ‘பேஜ்_யூஆர்எல்’ பிழை தெரிந்த பக்கமா, திருத்த வேண்டிய பக்கமா என்பதை விளக்கத்தில் எழுதாவிட்டால், ஏஜென்ட் சரியாக இருக்கும் பக்கங்களைத் திருத்தச் சொல்லும்.

எண்களில் எந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறது?

அலகில். லைட்ஹவுஸ் ரிப்போர்ட் திரையில் 0 முதல் 100 வரை காட்டும். அதன் ஜேசன் கோப்பில் அதே ஸ்கோர் 0 முதல் 1 வரைதான். 0.92 என்பது பச்சை வண்ண மதிப்பெண். அலகு தெரியாத ஏஜென்ட் “நூற்றுக்கு 0.92, மிக மோசம்” என்று சொல்ல வாய்ப்பு உண்டு. எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம்) மில்லி செகண்டிலா செகண்டிலா என்பதும் இதே கதை. சிஎல்எஸ் (பக்கத்தில் உள்ளவை எவ்வளவு இடம் மாறிக் குலுங்குகின்றன என்ற அளவு) இன்னும் மோசம்: அது அலகே இல்லாத எண், 0.1 வரை நல்லது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் ஏபிஐயின் பயனர் தரவுப் பகுதியிலோ அதை 100-ஆல் பெருக்கி முழு எண்ணாகத் தருகிறார்கள். அங்கே 10 என்றால் 0.10.

புலப் பெயரிலேயே அலகைச் சேர்ப்பது நல்லது: ‘எல்சிபி_எம்எஸ்’, ‘ஸ்கோர்_0_100’. மாற்ற முடிந்தால் உங்கள் டூலிலேயே மாற்றிக் கொடுங்கள். பெருக்கல் வகுத்தலை மாடலிடம் விடுவானேன்?

எல்லைகளையும் எழுதுங்கள். எல்சிபி 2.5 செகண்ட் வரை நல்லது, 4-ஐத் தாண்டினால் மோசம். ஐஎன்பி (தொட்டபின் பக்கம் பதிலளிக்க ஆகும் நேரம்) 200 மில்லி செகண்ட் வரை நல்லது, 500-ஐத் தாண்டினால் மோசம். சிஎல்எஸ் 0.1, 0.25. இவை மாடலுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஆனால் 2024 மார்ச்சில் எஃப்ஐடி (முதல் தொடுதலுக்கான தாமதம்) போய் அதன் இடத்தில் ஐஎன்பி வந்தது. பழைய கட்டுரைகளில் படித்த பழக்கத்தில் எஃப்ஐடியைப் பற்றி அறிவுரை சொல்லத் தொடங்கும் மாடல்களும் உண்டு.

லைட்ஹவுஸில் 45, ஆனால் சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் சைட்டின் நிலையைக் காட்டும் கூகுள் சேவை) ‘நல்லது’. ஏஜென்ட் இரண்டையும் போட்டுக் குழப்புகிறது. என்ன செய்வது?

இரண்டும் வேறு வேறு அளவீடு. லைட்ஹவுஸ் ஒரே முறை, ஒரே கணினியில், ஒரு நடுத்தர மொபைலைப் போலப் பாவித்து, நெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, செயலியை நான்கு மடங்கு மந்தமாக்கி எடுக்கும் லேப் அளவீடு. சர்ச் கன்சோலில் வருவது குரோம் பயன்படுத்துவோரிடமிருந்து 28 நாள் சேர்த்த ஃபீல்ட் அளவீடு. எடுத்துக்கொள்வது 75-ஆவது பெர்சென்டைல், அதாவது நான்கில் மூன்று வருகைகள் அடங்கும் மதிப்பு. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஃபோனில் ரூம் தேடுபவரின் அனுபவம் இரண்டாவதில்தான் சேரும்.

இரண்டுக்கும் தனித்தனி டூல் வைத்து, பெயரிலேயே ‘லேப்’, ‘ஃபீல்ட்’ என்று போட்டுவிடுங்கள். லேப் டூலின் விளக்கத்தில் மூன்று வரி வேண்டும். ஒன்று, இது பழுதின் காரணம் தேடுவதற்கு. சைட்டின் தேர்ச்சி நிலையைச் சொல்வதற்கு அல்ல. இரண்டு, வழக்கமான லேப் ஓட்டத்தில் ஐஎன்பி கிடையாது, ஏனென்றால் அங்கே யாரும் பட்டனைத் தொடுவதில்லை. டிபிடி (பக்கம் ஏறும்போது முடங்கிக் கிடக்கும் மொத்த நேரம்) என்ற மாற்று அளவுதான் இருக்கும். மூன்று, ஓட்டத்துக்கு ஓட்டம் ஸ்கோர் மாறும், ஆகவே 45-க்கும் 49-க்கும் உள்ள வித்தியாசத்தை முன்னேற்றம் என்று சொல்லாதே. ஐந்து முறை ஓட்டி நடு மதிப்பைக் கொடுப்பது உங்கள் டூலின் வழக்கம் என்றால் அதையும் எழுதுங்கள்.

ஃபீல்ட் டூலின் விளக்கத்தில் இன்னொரு வரி கட்டாயம்: வருகை குறைந்த பக்கங்களுக்கு டேட்டா இருக்காது, அது வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, அளக்கப் போதுமான வருகை இல்லை என்றே பொருள். ஆற்காட்டு மக்கன் பேடா விற்கும் சின்னக் கடையின் சைட்டுக்குப் பக்க அளவில் ஒன்றுமே வராமல் போகலாம். அப்போது முழு டொமைனின் அளவைக் காட்டுவீர்கள் என்றால், பதிலில் ‘ஸ்கோப்’ என்ற புலம் வைத்து அது பக்கமா டொமைனா என்று சொல்லுங்கள். நேற்று செய்த திருத்தம் 28 நாள் தொகுப்பில் இன்றைக்கே முழுதாகத் தெரியாது என்பதும் விளக்கத்தில் இருக்கட்டும்.

தமிழ் முகவரிகளில் ஏஜென்ட் தடுமாறுகிறதே?

தடுமாறும். ‘வேலூர்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு; யூடிஎஃப்-8இல் 18 பைட்; முகவரியில் சதவீதக் குறியோடு எழுதினால் 54 எழுத்து. “முகவரி மிக நீளம்” என்ற எச்சரிக்கை தமிழ்ப் பக்கங்களில் கொத்துக் கொத்தாக வருவது இதனால்தான். தலைப்பு நீளமும் அப்படியே: 60 எழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டது. கூகுள் தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கவில்லை. தேடல் பக்கத்தில் வெட்டப்படுவது இடத்தின் அகலத்தைப் பொறுத்தது. எனவே ‘டைட்டில்_லெங்த்’ எதை எண்ணுகிறது, பைட்டையா, குறியீட்டையா, கண்ணில் தெரியும் எழுத்தையா என்று எழுதிவிட்டு, “தமிழ்த் தலைப்புக்கு இந்த எச்சரிக்கையை வைத்து மட்டும் சுருக்கச் சொல்லாதே” என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொரு பொறி ‘கோட்டை’. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்; சர்வருக்கு வேறு வேறு முகவரி. வேலூர் கோட்டையைப் பற்றிய பக்கத்தின் முகவரியை ஏஜென்ட் தானே தட்டெழுதி அனுப்பினால் “பக்கம் இல்லை” என்று வரக்கூடும். உள்ளீட்டை உங்கள் கோடில் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டு முறையில் எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள். பராமீட்டர் விளக்கத்தில் “முகவரியை நீயாக உருவாக்காதே, லிஸ்ட்_பேஜஸ் தந்த ‘பேஜ்_ஐடி’யை அனுப்பு” என்று எழுதுங்கள். தமிழ் முகவரி இல்லாத சைட்டுக்கும் இது நல்ல பழக்கம்.

“இந்த சைட்டில் 500 பக்கம் இருக்கிறது” என்று ஏஜென்ட் சொன்னது. தவறு. ஏன்?

500 என்பது உங்கள் ஆடிட் பிளானின் வரம்பாக இருந்திருக்கும். ஆம்பூர் ஷூ ஏற்றுமதியாளரின் கேட்டலாகில் 40 மாடல், 6 நிறம், 9 சைஸ் என்று ஃபில்டர் வைத்தால் அதுவே 2,160 முகவரி. க்ராலர் ஃபில்டர் பக்கங்களிலேயே வரம்பைத் தீர்த்துவிட்டு, ‘தொடர்பு கொள்ள’ பக்கத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பதிலில் ‘பேஜஸ்_க்ரால்ட்’, ‘க்ரால்_லிமிட்’, ‘லிமிட்_ரீச்ட்’ மூன்றும் இருக்கட்டும். வரம்பைத் தொட்டிருந்தால் மொத்தப் பக்க எண்ணிக்கை சொல்லக் கூடாது என்பது விளக்கத்தில் வரட்டும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி எடுத்த க்ராலா இல்லையா என்பதும் தேவை. ஓட்டாமல் எடுத்தால் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் செய்த பக்கம் “சொல் எண்ணிக்கை 0” என்று வரலாம்.

டூல் எதைத் தராது என்பதையும் எழுத வேண்டுமா?

அவசியம். உதாரணமாக, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர், வாணியம்பாடி நிறுவனங்களின் பழைய பக்கங்களில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே முகவரி இருக்கலாம். “பழைய மாவட்டப் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று வாடிக்கையாளர் கேட்கிறார். உங்கள் ஆடிட் சேமிப்பது தலைப்பு, மெட்டா விளக்கம், முதல் தலைவரி மட்டும். பக்கத்தின் உடல் எழுத்து இல்லை. அதைச் சொல்லாத டூலில் ஏஜென்ட் தேடும், ஒன்றும் கிடைக்காது, “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்லும். “உடல் எழுத்து சேமிக்கப்படவில்லை, அதைத் தேட இந்த டூலால் முடியாது” என்ற ஒரே வரி இதைத் தடுத்துவிடும்.

அணுகல்தன்மை ஸ்கோருக்கும் இதே மாதிரி வரி வேண்டும். தானியங்கிச் சோதனை நிற வேறுபாட்டை அளந்துவிடும்; சாதாரண எழுத்துக்கு 4.5:1 குறைந்தபட்சம். படத்துக்கு எழுதிய மாற்று உரை படத்தோடு பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. 100 வாங்கிய பக்கமும் பார்வையற்றவருக்குப் பயன்படாமல் இருக்கலாம்.

எத்தனை டூல் வைக்கலாம்? ஒன்றுக்கொன்று குழம்பாமல் இருக்க என்ன வழி?

ஏபிஐயில் இருக்கும் ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டையும் டூலாக்காதீர்கள். ஒவ்வொரு விளக்கமும் கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் எழுத்துப் பரப்பு) இடம் பிடிக்கும். 20 டூல், தலா 150 டோக்கன் (மாடல் எழுத்தைத் துண்டாக எண்ணும் அலகு) என்றால் கேள்வி தொடங்கும் முன்பே 3,000 டோக்கன். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை வைத்துப் பிரியுங்கள்: என்ன கோளாறு, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், போன தடவைக்கு இப்போது என்ன மாற்றம், புது ஆடிட் ஓட்டு. ஐந்தாறு டூலில் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘கெட்_இஷ்யூஸ்’, ‘ஃபெட்ச்_எரர்ஸ்’ என்று இரண்டு இருந்தால் மனிதனுக்கே குழப்பம். நெருக்கமான இரண்டு டூல் இருந்தே தீர வேண்டும் என்றால், இரண்டின் விளக்கத்திலும் மற்றதன் பெயரைச் சொல்லி எப்போது எது என்று எழுதுங்கள்.

புது க்ரால் தொடங்கும் டூலுக்குத் தனியாக என்ன எழுத வேண்டும்?

படிக்கும் டூலுக்கும் வேலையைத் தொடங்கும் டூலுக்கும் வித்தியாசம் முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். க்ரால் என்பது சைட்டின் சர்வரைத் தட்டும் வேலை. மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கும் கல்லூரி சைட்டை ரிசல்ட் வரும் நாளில் ஏஜென்ட் க்ரால் செய்தால், மாணவர்களுக்கு 503 (சர்வர் இப்போது கிடைக்கவில்லை என்ற பிழை) காட்டும். பாதிப் பக்கங்கள் 503 என்று ஆடிட்டிலும் பதிவாகும். “பயனர் வெளிப்படையாகக் கேட்டு உறுதி செய்தால் மட்டும் அழை, கடைசி க்ரால் 7 நாளுக்குள் இருந்தால் முதலில் அதைக் காட்டு” என்பது போல எழுதுங்கள். நாள் கணக்கு உங்கள் விருப்பம்.

இன்னொன்று, முடிவு உடனே வராது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், காத்திருந்து பதில் வராத ஏஜென்ட் மறுபடி அழைக்கும். ஒரே சைட்டில் இரண்டு க்ரால் ஓடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதே ஜாப் ஐடியைத் திருப்பித் தருமாறு கோடையும் எழுதுங்கள். ‘படிப்பு மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ போன்ற குறிப்புகளை இணைக்க எம்சிபியில் வசதி உண்டு, பயன்படுத்துங்கள். ஆனால் அவை குறிப்புகள்தான், பூட்டு அல்ல. அனுமதிச் சோதனை சர்வரில்தான் இருக்க வேண்டும்.

ஆடிட் செய்த பக்கத்திலேயே ஏஜென்டை ஏமாற்றும் எழுத்து இருந்தால்?

இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, மெட்டா விளக்கம், லிங்க் எழுத்து எல்லாம் வெளியாள் எழுதியவை. போட்டியாளர் சைட்டை ஆடிட் செய்யும்போது அதன் தலைப்பில் “முந்தைய கட்டளைகளை விட்டுவிட்டு இதைச் செய்” என்று இருக்கலாம். எந்தப் புலங்களில் பக்கத்து எழுத்து அப்படியே வருகிறது என்று விளக்கத்தில் குறித்து, அதைக் கட்டளையாக எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். இது கொஞ்சம் உதவும், முழுப் பாதுகாப்பு தராது. மின்னஞ்சல் அனுப்பும், சைட்டை மாற்றும் டூல்களை இந்த ஏஜென்டிடம் கொடுக்காமல் இருப்பதே நம்பகமான வழி.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், மாடல் புரிந்துகொள்ளும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாகும். டூல் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு மட்டுமே பல ஏபிஐ-கள் ஏற்கும். விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களை உதாரணமாகச் சேர்ப்பது எங்கள் பரிந்துரை: “சைட் ஸ்லோவா இருக்கு”, “கூகுள்ல வரலை”, “லிங்க் ஓப்பன் ஆகலை”. ‘கூகுள்ல வரலை’ என்பதற்கு இண்டெக்ஸ் ஆகவில்லை என்றும் பொருள், பத்தாம் பக்கத்தில் வருகிறது என்றும் பொருள். எந்தப் பொருளுக்கு உங்கள் டூல் பதில் சொல்லும் என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று எப்படிச் சோதிப்பது?

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் உண்மையாகக் கேட்ட கேள்விகளில் 20 எடுங்கள், அவர்கள் எழுதிய எழுத்துப்பிழையோடு. ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன பராமீட்டர், பதிலில் எது இருக்கவே கூடாது என்று எழுதி வையுங்கள். எந்த டூலையும் அழைக்கக் கூடாத கேள்வி சிலவும், காலிப் பதில் வரும் சைட் இரண்டும், பாதியில் நின்ற க்ரால் ஒன்றும் கட்டாயம் சேருங்கள். மாடலின் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோல வராது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் சில முறை ஓட்டுங்கள். இறுதிப் பதிலை மட்டும் பார்க்காமல், எந்த டூல் எந்த மதிப்போடு அழைக்கப்பட்டது என்ற பதிவையும் படியுங்கள். தவறான டூலை அழைத்து, தற்செயலாகச் சரியான பதில் வந்திருப்பது உண்டு. ஒரு தடவைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். ஐந்து வரியைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பிழைச் செய்தியும் இதில் சேருமா?

சேரும். “400 தவறான கோரிக்கை” என்று திருப்பினால் ஏஜென்ட் அதே தவறை மறுபடி செய்யும். “‘சைட்_ஐடி’ எண்ணாக இருக்க வேண்டும், டொமைன் பெயர் வந்திருக்கிறது, லிஸ்ட்_சைட்ஸ் அழைத்து ஐடியை எடு” என்று திருப்பினால் அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிடும்.

மாடலை மாற்றினால் விளக்கங்களை மறுபடி எழுத வேண்டுமா?

எழுத வேண்டியதில்லை; அந்த 20 கேள்வியை மறுபடி ஓட்ட வேண்டும். விழுந்த கேள்விக்கு உரிய வரியை மட்டும் தொடுங்கள். ஆடிட் கருவியின் பதிப்பு மாறினால்தான் அதிக வேலை: புலம் பெயர் மாறும், சோதனைகள் சேரும், நீங்கும். அந்த நாளில் விளக்கத்தில் உள்ள ஒவ்வொரு புலப் பெயரும் உண்மையான ஜேசன் பதிலில் இருக்கிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.